ஏரிக்குப் போகும் கேமரா: இழப்பு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?

 

மழைக்காலம் ஓய்ந்து பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் கூடும் நாள்களில், அவற்றோடு இன்னொரு கூட்டமும் நம் கரைக்கு வந்து சேர்கிறது. தோளில் பையும் கையில் டிரைபாடுமாக, சென்னைக் கல்லூரிகளில் விஸ்காம் படிக்கும் மாணவ மாணவியர் பொன்னேரிப் பேருந்திலிருந்து இறங்குகின்றனர். டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம், பனையோலைப் பெட்டி முடையும் நம் பெண்களின் விரல்கள், வலை உலர்த்தும் குப்பங்கள், முகத்துவாரத்து மணல்மேடு என்று அவர்கள் படம் பிடிக்க இங்கு எவ்வளவோ இருக்கின்றன. அக்கூட்டத்தில் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாலை மத்ரஸாவில் யாஸீன் சூராவை மனனம் செய்து ஒப்பித்த பிள்ளை, இன்று கல்லூரி மூன்றாம் ஆண்டில், மதிப்பெண்ணுக்காகப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தே தீர வேண்டிய நிலையில் நிற்கிறான்.

இது குறித்துப் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: ‘ஹஜ்ரத், படம் எடுப்பது கூடுமா?’ உருவம், இசை, ஆண் பெண் கலப்பு ஆகியவை பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அந்த விவாதத்தை இக்கட்டுரையில் நாம் தொடப் போவதில்லை; அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. நம்மை உறுத்துவது எந்தப் பெற்றோரும் கேட்காத வேறொரு கேள்வி. பிள்ளை ஏறும் படகு யாருடையது? அவன் தோளில் தொங்கும் கேமரா யாருடையது? படகு கவிழ்ந்தாலோ, கேமரா சேற்றில் விழுந்தாலோ, விளக்குத் தண்டு சாய்ந்து ஒருவர் தலையில் அடிபட்டாலோ அந்த இழப்பு யார் தலையில் விழும்? படம் ஹலாலா ஹராமா என்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் இந்த ஹக்குல் இபாத், அதாவது சக மனிதருக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமை, விஷயத்தில் காட்டியாக வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

ஏரி, பார்ப்பவரை அச்சுறுத்துவதில்லை. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். ஆனால் கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரத்தில் நிலைமை வேறு. அங்கே மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக அமையும் வேளையில் பழகிய மீனவரே படகைத் திருப்பிவிடுவார். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் உறவினர்களாகக் கூடி வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பின் ஏரியில் சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. தடை ஏட்டில் இருக்கிறது. கரையில் ‘ஒரு சுற்றுப் போய் வரலாம்’ என்று அழைக்கும் குரலும் அவ்வப்போது கேட்கத்தான் செய்கிறது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்ததும் சுற்றுலாவுக்கென மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிப் படகுதான். அங்கும் இறந்தோர் 22 பேர். ஒரே முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த பதினொருவர் அவர்களில் அடங்குவர்.

படப்பிடிப்புக் குழு சுற்றுலாப் பயணிகளைவிட ஆபத்தான பாரம் என்று நாம் கருதுகிறோம். சுற்றுலா வந்தவர் பலகையில் உட்கார்ந்திருப்பார். படம் பிடிப்பவர் எழுந்து நிற்பார். கேமராவின் திரையிலேயே கண் வைத்துப் பின்னோக்கி நடப்பார். ‘எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள், சட்டகத்தில் தெரிகிறீர்கள்’ என்று ஒருவர் சொன்னதும் ஆறு பேர் ஒரே ஓரத்துக்கு நகர்வர். ஒளி அழகாக இருக்கும் நேரம் விடியலும் அந்தியும் என்பதால் இருட்டும் வரை நீரில் இருப்பர். ஒரு காட்சியை நாலு முறை எடுக்க வேண்டுமென்றால் படகு நாலு முறை அந்த மணல்திட்டைச் சுற்ற வேண்டும். துடுப்போ எஞ்சினோ பிடித்திருப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, காசு வாங்கிவிட்டோமே என்று பேசாதிருப்பார்.

கோடிகள் புரளும் திரைத்துறையே இந்தப் பாடத்தைச் சடலங்களின் மேல்தான் கற்று வருகிறது. 2016 நவம்பர் 7 அன்று பெங்களூருக்கு அருகிலுள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ‘மாஸ்தி குடி’ என்னும் கன்னடப் படத்துக்காக நடிகர்கள் மூவர் ஹெலிகாப்டரிலிருந்து நீரில் குதித்தனர். கதாநாயகன் பிழைத்தார். உடன் குதித்த இருவர் உயிர்காப்பு அங்கி இன்றி மூழ்கி இறந்தனர். இயக்குநர் உள்ளிட்டோர் கைதாயினர். 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூவர் இறந்தபோது, பணியாளர் அனைவருக்கும் பாதுகாப்பும் காப்பீடும் இருந்தாக வேண்டும் என்று கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 2025 ஜூலை 13 அன்று நாகை மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்துக்காகக் காரைக் கவிழ்க்கும் காட்சியில் சண்டைக் கலைஞர் எஸ்.எம். ராஜு உயிரிழந்தார். அதன்பின், ஏறத்தாழ 650 சண்டைக் கலைஞர்களுக்கு நடிகர் அக்‌ஷய் குமார் தம் செலவில் காப்பீடு எடுத்துத் தந்தார் என்ற செய்தி வந்தது. அவர் செய்தது நற்செயல். எனினும் ஒரு துறை செய்ய வேண்டியதை ஒரு தனிமனிதரின் இரக்கம் செய்ய நேர்ந்தது நம் நாட்டின் நிலையைக் காட்டுகிறது.

திரைப்படக் காப்பீடு என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1999-இல் வெளியான ‘தால்’ என்னும் இந்திப் படமே இந்தியாவில் முதலில் காப்பீடு செய்யப்பட்ட படம் என்று பரவலாகச் சொல்வர். முக்கிய நடிகர் நோயுற்றுப் படப்பிடிப்பு நின்றுபோதல், எடுத்த காட்சிகள் அழிந்துபோதல், கருவிகளும் அரங்கமும் சேதமடைதல், பணியாளருக்கு விபத்து நேர்தல், படப்பிடிப்பால் வெளியார் ஒருவரின் உடலுக்கோ உடைமைக்கோ கேடு விளைதல் ஆகியவை அதில் தனித்தனிப் பிரிவுகள். கடைசியாகச் சொன்னதை மூன்றாம் நபர் பொறுப்பு என்பர். மாணவர் படத்துக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுவே. ஆனால் காப்பீட்டு நிறுவனம் கேட்பது பதிவுபெற்ற தயாரிப்பாளர், செலவுத் திட்டம், படப்பிடிப்பு அட்டவணை, அனுமதிக் கடிதங்கள். நண்பர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு இரண்டு நாளில் எடுக்கும் படத்துக்கு இவற்றில் எதுவும் இருப்பதில்லை. சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் உண்டு. மாணவனுக்கு அதுவும் இல்லை.

சரி, இழப்பு நேர்ந்தால் உண்மையில் அதைச் சுமப்பவர் யார்? நம் கண்ணில் தெரிவது படகுக்காரர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிரும் பாடு முறையைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வர வேண்டும் என்ற நியாயம் அது. தம்முள் இவ்வளவு நேர்த்தியாக ஏற்றத்தாழ்வைப் பங்கிட்டுக்கொள்ளும் மக்களிடம் நாம் போய், சில நூறு ரூபாய்க்கு ஒரு காலை நேரத்தை வாங்கிக்கொண்டு, ஆபத்து முழுவதையும் அவர்கள் மேல் சாத்திவிட்டு வருகிறோம்.

மீனவருக்கென அரசு நடத்தும் குழு விபத்துக் காப்பீடு உண்டு. மத்திய, மாநில அரசுகளே பிரீமியம் முழுவதையும் செலுத்தும் அத்திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அது பதிவு செய்த மீனவரின் உடலுக்கான காப்பு. படகு உடைந்தாலோ, எஞ்சின் நீரில் போனாலோ, ஏறியிருந்த மாணவனுக்கு ஏதேனும் நேர்ந்தாலோ அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. மாறாக, தடை இருக்கும் ஏரியில் ஆள் ஏற்றிச் சென்ற குற்றத்துக்காக வழக்கு அவர் மேல்தான் பாயும். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் கோபமும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் போகும். ‘காசு வாங்கினார் அல்லவா?’ என்று சிலர் கேட்கலாம். வாங்கினார், வயிறு இருக்கிறது. அவருக்குத் தெரியாத, அவரிடம் யாரும் சொல்லாத பொறுப்பையும் சேர்த்தா அவர் விற்றார்?

நம் மார்க்கத்தின் ஃபிக்ஹ் நூல்களில் ‘ளமான்’ என்றொரு பெரும் பாடம் உண்டு. பொறுப்பேற்றல், ஈடு செய்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில் ஹுனைன் போருக்குப் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை இரவலாகக் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. பறித்துக்கொள்ளப் போகிறீர்களா என்று அவர் ஐயத்தோடு கேட்க, இல்லை, பொறுப்புறுதி உள்ள இரவலாகவே பெறுகிறோம் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். போரில் சில கவசங்கள் தொலைந்தபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். மக்கா வெற்றிக்குப் பின், ஆட்சி கையில் இருந்த வேளையில், மாற்று நம்பிக்கையுடைய ஒருவரின் பொருளுக்கு முன்கூட்டியே உறுதி சொல்லப்பட்டது என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். பழவேற்காட்டில் நம் பிள்ளைகளுக்குப் படகு தருபவரும் பெரும்பாலும் நம் மார்க்கத்தைச் சேராத அண்டை வீட்டார்தான்.

கேமராவுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் மாமாவிடமோ நண்பனின் அண்ணனிடமோ இரவலாக வாங்கி வந்த கேமரா சேதமுற்றால், நம் கடற்கரை ஊர்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கவனக்குறைவு இல்லாவிட்டாலும் இரவல் வாங்கியவர் ஈடு தர வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரவல் பொருள் அமானிதம். அலட்சியம் இருந்தால்தான் ஈடு. வாடகைக்கு எடுத்ததாயின் இரு மத்ஹபிலும் அது அமானிதமே; வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோதான் பொறுப்பு. ஆனால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்குக் கேமரா தருவோர், எப்படி உடைந்தாலும் முழு விலை என்று எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். அத்தகைய நிபந்தனையைப் பெரும்பான்மை ஃபுகஹாக்கள் ஏற்பதில்லை என்று பின்னர் வாதிட்டுப் பயன் இல்லை. கையெழுத்திடும் முன்பே படித்து, பேசி, மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல கேமராவும் இரண்டு லென்ஸும் சேர்ந்தால் பல குடும்பங்களின் ஓராண்டு வருமானம். பத்தொன்பது வயதுப் பிள்ளை வாப்பாவுக்குத் தெரியாமல் அந்தத் தாளில் கையெழுத்திடுகிறான்.

உயிர் விஷயம் இன்னும் கனமானது. தவறுதலாக ஓர் உயிர் போகக் காரணமானவர் இறந்தவரின் குடும்பத்துக்கு ‘தியத்’ என்னும் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் நிறுவும் சட்டம். அந்தத் தொகையைத் தனி ஒருவர் மட்டும் சுமந்து நொடிந்துபோகாதபடி, அவருடைய ‘ஆகிலா’, அதாவது உறவுக் கூட்டம், பகிர்ந்து மூன்றாண்டுகளில் செலுத்தும் ஏற்பாடும் ஷரீஅத்தில் உண்டு. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளும் அவள் வயிற்றுச் சிசுவும் இறந்த வழக்கில் நபியவர்கள் இவ்வாறே தீர்ப்பளித்தார்கள். இழப்புக்கு உள்ளானவர் வெறுங்கையோடு போகக் கூடாது. இழப்புக்குக் காரணமானவரும் அழிந்துவிடக் கூடாது. இவ்விரு நோக்கங்களும் அந்தச் சட்டத்தில் ஒருங்கே நிற்கின்றன. இன்று நம் மஹல்லாவில் ஆகிலா எது? ஒரு மாணவனின் படப்பிடிப்பில் படகுக்காரர் இறந்தால் அவர் மனைவிக்கு யார் கூடிப் பணம் திரட்டுவது? ஜமாஅத் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ‘காப்பீடு வட்டி சம்பந்தப்பட்டதாயிற்றே’ என்ற ஆட்சேபம் எழும். எழ வேண்டியதுதான். கப்பல் வணிகர்கள் செலுத்திய ‘ஸவ்கரா’ என்னும் காப்புப் பணத்தைப் பற்றி 1836-இல் மறைந்த ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அன்றே ஆராய்ந்து, அந்த ஈட்டைப் பெறுவதைத் தடுத்து எழுதினார். கடலோடு தொழில் செய்த நம் முன்னோருக்கும் இது அந்நியமான பேச்சாக இருந்திருக்காது. இருபதாம் நூற்றாண்டில் ஷைகு முஸ்தஃபா அஸ்ஸர்கா, ஆகிலா முறையை எடுத்துக்காட்டிக் காப்பீட்டுக்கு இடமுண்டு என்றார். ஷைகு அபூ ஸஹ்ரா மறுத்தார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் நன்கொடையாகச் சேர்க்கும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு செய்தது. மலேசியா 1984-லேயே தகாஃபுல் சட்டம் இயற்றிவிட்டது. இலங்கையிலும் தகாஃபுல் நிறுவனம் இயங்குகிறது. நம் நாட்டில் அதற்கு வழி இன்னும் திறக்கவில்லை. கலவரங்களில் உயிரும் உடைமையும் இழந்த இந்திய முஸ்லிம்களின் நிலையைக் கருதி, இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் உலமாக்கள் இந்நாட்டுச் சூழலில் காப்பீட்டுக்குச் சலுகை அளித்தனர்.

நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். இலாபம் கருதி, சேமிப்பு என்ற பெயரில் எடுக்கும் பாலிசிகளுக்கு நாம் வாதாட வரவில்லை. ஆனால் நாம் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்துத்தான் ஓட்டுகிறோம். சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பது ஒரு காரணம். நம் வண்டியால் அடிபடும் அந்நியரின் உரிமை அதில் அடங்கியிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். படப்பிடிப்பிலும் அதே அந்நியர் இருக்கிறார். நம் உயிரைப் பற்றி நாம் எவ்வளவு தவக்குல் வைத்தாலும் பிறர் உயிரையும் பொருளையும் பணயம் வைத்துத் தவக்குல் பேசும் உரிமை நமக்கு இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒட்டகமே பக்கத்து வீட்டுக்காரருடையது.

ஆகவே முதற்பொறுப்பு கல்லூரியுடையது. பாடத்திட்டத்தில் படம் எடுக்கச் சொல்லி, மதிப்பெண்ணும் போட்டு, ஏரியில் நடப்பது மாணவனின் சொந்த விஷயம் என்று எந்த நிர்வாகமும் கையை உதற முடியாது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் மாணவனுக்குக் கேமராவைத் தரும் முன்பே, எங்கே எடுக்கிறாய், நீர் உண்டா, உயரம் உண்டா, மின்சாரம் உண்டா, ஆபத்துக்கு என்ன ஏற்பாடு என்று எழுதி வாங்கி ஆசிரியர் ஒப்பமிடுகிறார். பல்கலைக்கழகத்தின் பொதுப் பொறுப்புக் காப்பீடு அந்தப் படப்பிடிப்பையும் தழுவுகிறது. இங்கே கட்டண ரசீதில் எத்தனையோ தலைப்புகளில் பணம் வாங்கும் கல்லூரிகள், ஒரு துறைக்கு ஒரு குழுப் பாலிசி எடுப்பது இயலாத காரியம் அன்று. கல்லூரியே செலுத்துவதால் மாணவன் நேரடியாக அந்த ஒப்பந்தத்தில் நுழைவதும் இல்லை. பெற்றோர் சேர்க்கையின்போதே இதைக் கேட்கலாம். விடுதிச் சாப்பாடு எப்படி என்று கேட்கிறோமே!

மாணவரிடமிருந்தும் எதிர்பார்க்க வேண்டியது உண்டு. பதினெட்டு வயது நிறைந்து வங்கிக் கணக்கு உள்ள எவரும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். மருத்துவமனைச் செலவு அதில் வராது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பொன்னேரி அரசு மருத்துவமனை இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு ஆண்டு முழுவதற்கும் 240 ரூபாய். அன்று மதியம் அவர்கள் வாங்கும் பிரியாணிக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இதிலும் சேர்வதற்குத் தயங்கும் பேணுதலுள்ள குடும்பங்கள் தங்கள் ஆலிமைக் கலந்துகொள்ளட்டும். அவர்களை நாம் குறை கூற மாட்டோம். ட்ரோன் பறக்கவிடுவோருக்கோ இந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 250 கிராம் வரையுள்ள மிகச் சிறியவை நீங்கலாக, மற்றவற்றுக்கு மோட்டார் வாகனங்களைப் போலவே மூன்றாம் நபர் காப்பீட்டை வேண்டுகின்றன. அதோடு, ஏரியின் மறுகரையில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ஆசைப்பட்டபடி எதையும் பறக்கவிட முடியாது.

அனுமதி விஷயத்தில் நம் பிள்ளைகள் காட்டும் அலட்சியம் நம்மை வருத்துகிறது. ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். ‘கேட்டால் தர மாட்டார்கள், விடியற்காலையில் போய் எடுத்துவிட்டு வந்துவிடலாம்’ என்பது மாணவர் வழக்கு. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில் நிறுவனத்தின் அனுமதி இன்றி ஆற்றுப் பாலத்துத் தண்டவாளத்தில் படம் எடுத்த குழுவின் மீது ரயில் பாய்ந்து, கேமரா உதவியாளரான இளம்பெண் ஒருவர் இறந்தார். இயக்குநர் சிறை சென்றார். அனுமதி பெறாத இடத்தில் நேர்ந்த விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பதும் வழமை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகுக்கும் அதே கதி. பொய் சொல்லி எடுத்த பாலிசி மார்க்கத்திலும் நிற்காது, நீதிமன்றத்திலும் நிற்காது. தடையுள்ள நீரில் அனுமதி கிடைக்கவில்லையென்றால் கரையில் நின்று எடுக்கட்டும். இக்கரையில் நின்று பார்த்தாலே ஏரி அழகுதான்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்? அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்த வேளையில் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபியவர்கள் போற்றி, அவர்களைத் தம்மைச் சார்ந்தோராகவே கூறினார்கள் என்று அபூ மூஸா (ரலி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அந்த உணர்வில், பைத்துல்மாலில் ஜகாத்தோடு கலவாத தனிக் கணக்காக விபத்து உதவி நிதி ஒன்றை வைக்கலாம். ஓர் எச்சரிக்கை: இவ்வளவு செலுத்தினால் இவ்வளவு தருவோம் என்று ஜமாஅத் வாக்குறுதி தரக் கூடாது. அது உரிமமின்றி நடத்தும் காப்பீட்டு வணிகமாகச் சட்டத்தின் கண்ணில் தெரியும். ஷரீஅத்தின் கண்ணிலும் நாம் தவிர்க்க நினைத்த அதே ஒப்பந்தமாகிவிடும். தருவது தர்மமாக இருக்கட்டும்; பெறுவது தேவைக்கேற்ப இருக்கட்டும். நம் ஜமாஅத்தைச் சேராத படகுக்காரரின் குடும்பத்துக்கும் அதில் இடம் உண்டு என்று முதல் தீர்மானத்திலேயே எழுதிவைக்க வேண்டும். உயிர்காப்பு அங்கிகள் பத்துப் பதினைந்து வாங்கி ஊரில் பொறுப்பான ஓரிடத்தில் வைத்து, கேட்போருக்கு இலவசமாகக் கொடுத்து வாங்குவதும் இந்நிதியால் ஆகும் காரியமே.

இதை ஜமாஅத் மட்டும் தனியே முடிவு செய்யவும் கூடாது. குப்பங்களின் பஞ்சாயத்தாரோடு அமர்ந்து பேச வேண்டும். காற்று எழுந்தால் திரும்பிவிடும் முடிவு படகுக்காரருடையது, அப்படித் திரும்பினாலும் பேசிய கூலி முழுவதும் அவருக்கு உண்டு என்ற நிபந்தனை ஒன்று எழுத்தில் இருந்தாலே பாதிச் சங்கடம் தீரும். இன்று அவர் அலையைப் பார்த்துத் தயங்கும்போது, ‘அண்ணே, இன்னும் ஒரே ஒரு டேக்’ என்று நம் பிள்ளைகள்தான் கெஞ்சுகிறார்கள்.